பதினான்காம் இலக்கக் கத்தி

"மூன்று அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுடைய மடக்குக் கத்தியைக் கரையோரத்தில் எவரும் உடன் வைத்திருத்தல் ஆகாது; ஆயினும், ஒருவரது தொழிலுக்கு இன்றியமையாத கைக்கருவிக்கு, உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதி இருப்பின், இத்தடை பொருந்தாது."

இது போர்க்காலச் சுற்றறிக்கையொன்றின் நான்காம் பந்தி. இதன் முதல் பாதியை மன்னார்த் தீவின் ஒவ்வொரு இராணுவக் காவலரணிலும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அரைப்புள்ளிக்குப் பிறகு வரும் பாதியை வாசித்தவன், நான் அறிய, நான் ஒருவன்தான். அரச கந்தோரில் எழுதுவினைஞனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அரைப்புள்ளிக்குப் பிறகும் வாசிக்கிற வியாதி எனக்கு இன்னும் போகவில்லை.

அந்தப் பந்தி நினைவுக்கு வந்தால் தாழ்வுபாடு என்ற கரையூரில் இருந்த ஒரு பெண்ணும் கூடவே வருவார். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கரையில் ஒரு கருவாட்டு வாடி, மீன் காயவைக்கிற கொட்டில், வைத்திருந்தார். ஊர் அவரை அக்கா என்றது. கத்தோலிக்கக் கோவில் சுவாமியும் அக்கா என்றார். நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னைக் கிளாக்கர் என்றார். என் பெயரை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அவரை முதலில் கண்டது நிவாரணப் பதிவு செய்யப்போன நாளில். பாடசாலை மண்டபத்தில் மேசை போட்டிருந்தேன். பென்சில் முனை உடைந்துவிட, பாதியாக உடைத்த சவர அலகால் அதைச் சீவிக்கொண்டிருந்தேன். வரிசையில் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ நின்றவர் முன்னால் வந்துவிட்டார். வரிசையை மீறக்கூடாது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் என் வலது கையைப் பிடித்து மேசையில் மல்லாக்கப் போட்டு, பெருவிரலின் அடிச் சதையை அழுத்திப் பார்த்தார்.

"அந்த அலகை அங்கால போடுங்கோ, கிளாக்கர். பாக்கவே பல்லுக் கூசுது. சனிக்கிழமை வாடிக்கு வாங்கோ. உங்கட கைக்கு ஒரு கத்தி பாப்பம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்று, முறை வந்ததும் பதிந்துவிட்டுப் போனார்.

அவருடைய குணம் அதுதான். கைக்குப் பொருந்தாத ஒன்றை எவர் கையிலும் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. கந்தோருக்கு வந்தால் கதிரையில் உட்காரமாட்டார். அதன் முதுகைப் பிடித்து ஆட்டி, எந்தக் கால் இளகியிருக்கிறது என்று பார்ப்பார். பெருநிலப் பக்கம் பீரங்கிச் செல் விழுகிற சத்தம் கேட்டால் மற்றவர்கள் செபமாலையை எடுப்பார்கள். இவர் காய்கிற மீனை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்குவார், ஏற்கெனவே புரட்டிய மீனையும். புதிதாக வந்த சுவாமி முதல் ஞாயிறு தெளிப்பானால் தீர்த்தம் தெளித்ததைக் கவனித்திருந்து, பூசை முடிந்ததும் அவர் உடை மாற்றுகிற சங்கீர்த்தி அறையில் போய் நின்றாராம். "சுவாமி, உங்கட கைக்கு அந்தப் பிடி நீளம். தண்ணி சனத்தில படேல்ல, சுரூபத்திலதான் படுது." அடுத்த ஞாயிறு சுவாமி பிடியை அறுத்துக் குறுக்கியிருந்தார். சனமும் நனைந்தது.

புருஷன் ஒருவர் இருந்திருக்கிறார். வெள்ளாங்குளம் பக்கம் போனவர் திரும்பவில்லை என்றார்கள். இவர்தான் அனுப்பிவிட்டார் என்றும் சொன்னார்கள். படிவத்தில் "கணவரின் நிலை" என்ற கட்டம் இருந்ததால் நான் கேட்கவேண்டியிருந்தது.

"கைக்கு வரேல்ல" என்றார்.

இதைவிடச் சுருக்கமான விவாகரத்து மனுவை என் சேவைக்காலத்தில் நான் பார்த்ததில்லை. "பிரிந்து வாழ்கிறார்" என்று எழுதினேன்.

சனிக்கிழமை வாடிக்குப் போனேன். ஒரு பிஸ்கற் தகரத்துக்குள், எண்ணெய்த் துணியில் சுற்றி, இருபது முப்பது வில்லுக்கத்திகள், மடக்குகிற வகை, இருந்தன. மன்னார்க் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த நானா ஒருவரின் சரக்கு அது. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனம் முழுவதையும் தீவிலிருந்து வெளியேற்றியபோது, தூக்கிக்கொண்டு போக முடியாததை நானா தெரிந்தவர்களிடம் விட்டுப் போனார். கத்திகள் இவரிடம் வந்தன. "விக்கச் சொல்லேல்ல. ஆளுக்கேத்த மாதிரிக் குடு எண்டுதான் சொன்னவர்" என்றார். நானா அப்படிச் சொல்லியிருக்கமாட்டார் என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

கத்தி வாங்குவதென்றால் அலகைத்தான் பார்க்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் அலகின் பக்கமே திரும்பவில்லை. மூடிய கத்தியை என் உள்ளங்கையில் குறுக்கே வைத்தார். இரண்டு பக்கமும் வெளியே நீட்டினால் தகரத்துக்குள் போட்டார். அடுத்தது, கையைக் கடல்தண்ணீர் வாளிக்குள் விடச் சொன்னார். ஈரக் கையால் திறக்கவேண்டும். காய்ந்த கையால் எவரும் திறப்பார்களாம். திறந்ததை மூடவும் வேண்டும். விரல் வெட்டுப்படுவது திறக்கும்போது அல்ல, மூடும்போதுதான். சிப்பிபோல மினுங்கும் பிடியுள்ள ஒன்றில் எனக்குக் கண் விழுந்தது. அதை என் கையிலிருந்து மெதுவாகக் கழற்றி எடுத்தார்.

"இது வடிவுதான். உங்கட கையில்ல."

ஏழு கத்திகள் தகரத்துக்குள் திரும்பிப் போயின. வெயில் ஏறிவிட்டது. எட்டாவது, மாட்டுக்கொம்புப் பிடி, ஒரு ஓரம் உடைந்தது, அவலட்சணமானது. அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடச் சொன்னார்.

"கையில என்ன தெரியுது?"

"ஒண்டும் தெரியேல்ல."

"அப்ப இதுதான். கொண்டு போங்கோ."

பென்சில் சீவுவதற்கு இத்தனை விசாரணையா என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. உங்களுக்குப் பென்சில், தம்பிக்கு உயிர் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

தம்பி என்பது அவருடைய ஒரே சகோதரன். முப்பத்தைந்து வயது, சிரித்த முகம். பத்து வருடத்துக்கு முன் நங்கூரக் கயிறு அவனுடைய வலது கையைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனதில் சின்னவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன. வலைக்காரனுக்குக் கத்தி எதற்கு என்று அவன்தான் எனக்கு விளக்கினான். கல் கட்டிய வலை வள்ளத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது, கயிற்றில் விழுகிற ஒரு சுருக்கு காலில் மாட்டினால் ஆளும் வலையோடு போவான். ஒரு கை வள்ளத்து விளிம்பைப் பிடித்திருக்கும். இடுப்பில் தொங்குகிற கத்தியை எடுத்துத் திறந்து அறுக்க மற்றக் கை ஒன்றுதான் மிச்சம். ஒரு மூச்சு நேரம். அதற்குள் திறக்காத கத்தி அவனுக்குக் கல்லுத்தான்.

இரண்டு விரலும் ஒரு பெருவிரலும் உள்ள கைக்கு நானாவின் தகரத்தில் கத்தி இருக்கவில்லை. அக்கா தேடினார். பதினொரு மாதம். அரிப்பு என்ற கரையூரில் பழைய முத்துக்குளிப்புக்காரர் வீட்டில் ஒரு கத்தி இருக்கிறது என்று யாரோ சொல்ல, பயணப் பாஸ் எடுத்து, நான்கு காவலரண்களில் இறங்கி ஏறி, போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். மறுமுறை இன்னொரு வீட்டுக்காக அதே அரிப்புக்குப் போனார். அங்கேதான் கிடைத்தது. பிறகு அரத்தை எடுத்தார். பிடியின் ஓரத்தில் பிறைபோல ஒரு துண்டை அராவி எடுத்து, பெருவிரல் நேராக அலகில் படும்படி செய்தார். உள்ளே அலகை இறுக்கிப் பிடிக்கிற வில்லை, ஆணியைத் தட்டித் தட்டிக் கொஞ்சம் இளக்கினார். கூடுதலாக இளக்கினால் தானாகத் திறந்து இடுப்பைக் கிழிக்கும். அந்த அளவு அவருக்குத்தான் தெரியும். தம்பி அதை ஒரு கையால் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, போன ரெண்டு விரலும் இனித் திரும்பி வரத் தேவையில்லை என்றான்.

அதன் பிறகுதான் சுற்றறிக்கை வந்தது. அந்தக் கத்தியின் அலகு மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல்.

கரையிலிருந்த காவலரணில் எல்லாருடைய கத்தியையும் வாங்கித் தகரப் பெட்டியொன்றில் போட்டுப் பூட்டினார்கள். கத்தியில்லாமல் வலைக்குப் போகமாட்டோம் என்று தொழிலாளர் கரையில் குந்திக்கொண்டார்கள். அங்கிருந்த அதிகாரி நியாயமான மனிதர். ஒரு கிழமைக்குள் தீர்வு கண்டார். ஒரே அச்சில் வார்த்தது போல முப்பது மடக்குக் கத்திகள் வந்தன, பிடியில் இலக்கம் பொறித்து. காலையில் கடலுக்குப் போகிற பாஸோடு ஒரு கத்தி தரப்படும். கரை திரும்பியதும் ஒப்படைக்கவேண்டும். பதிவேடு ஒன்றும் திறந்தார்கள். அந்தப் பதிவேட்டை நான் பார்த்தேன். கோடு போட்ட விதம், இலக்கம், பெயர், வெளியே, உள்ளே என்று பிரித்த விதம், ஒரு குறையும் சொல்ல முடியாது. கையின் அளவுக்கு அதில் கட்டம் இல்லை. நான் கோடு போட்டிருந்தாலும் அந்தக் கட்டத்தைப் போட்டிருக்கமாட்டேன்.

அக்கா ஒரு கிழமை அந்தரப்பட்டுக்கொண்டு திரிந்தார். தம்பி கடலுக்குப் போகிற நாள்களில் மீன் புரட்டுவதற்குக்கூட நிற்காமல் கரைக்கும் வாடிக்குமாக நடந்தார். பிறகு திடீரென்று காவலரணுக்குப் போய், கத்தியெல்லாம் செதிலும் துருவுமாக இருக்கிறது, மாலையில் தந்தால் கழுவி எண்ணெய் போட்டு விடியத் தருகிறேன் என்று அங்கே காவலுக்கு இருந்த சிங்களக் கோப்ரலிடம் கேட்டார். கத்தி கழுவுவது அதுவரை கோப்ரலின் வேலை. அவர் உடனே சம்மதித்தார்.

மாலைக்கு ஒன்றாக, மாலைக்கு ஒன்றாக, அந்த முப்பது கத்திகளையும் அவர் மாற்றினார். ஒன்றின் பிடியை அராவினார். ஒன்றின் வில்லை இளக்கினார். ஒன்றில் நகம் வைக்கிற பள்ளத்தை ஆழமாக்கினார். எந்த இலக்கம் எவருடைய கைக்கு என்று அவருக்கு மனப்பாடம். பதினான்கு தம்பிக்கு. விடிய அவர் கொண்டுவந்து அடுக்கிவைக்கிற ஒழுங்கிலேயே கோப்ரல் எடுத்துக் கொடுப்பார். அவருக்கு விளங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஒருமுறை பதினான்கைத் திறந்து, பிடியில் இருந்த பிறையைத் தடவிப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில், "அக்கா, கத்தி நல்லா கழுவுறது" என்றாராம்.

அதை அங்கேயே விட்டிருக்கலாம். அக்கா என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கோப்ரலின் மாற்றம் வரப்போகிறது என்ற கதை கிளம்பியதால் சொன்னார். அடுத்து வருகிறவன் இலக்கம் பாராமல் அள்ளிக் கொடுத்தால் என்ன செய்வது? தம்பியின் சொந்தக் கத்தி பூட்டிய பெட்டிக்குள் கிடக்கிறது. அது ஒன்று வெளியே வந்தால் போதும்.

அரச உடைமையை அராவியிருக்கிறார் என்று கேட்டதும் குரலைத் தாழ்த்தச் சொன்னேன். அதே நேரம், இதை ஒழுங்குக்குக் கொண்டுவர வழியிருக்கிறது என்ற சந்தோஷமும் வந்தது. நான்காம் பந்தியைப் பற்றிச் சொன்னேன்.

"நாளைக்கு அதிகாரியிட்ட நானே போய்க் கதைக்கலாம் எண்டு இருக்கிறன்" என்றார்.

வேண்டாம் என்றேன். வாயால் கேட்டு அவர் வாயால் மறுத்துவிட்டால், பிறகு எழுத்தில் போகிற விண்ணப்பம் பலவீனப்படும். முறைப்படி மேலிருந்து வரட்டும். இது நான் பலருக்குக் கொடுத்த ஆலோசனை.

"எழுதினால் கத்தி வருமோ?"

"சட்டப்படி வரவேணும்."

"வருமோ எண்டுதான் கேட்டனான்."

"வரும்" என்றேன்.

என் கையை ஒருமுறை பார்த்தார். "சரி, எழுதுங்கோ. நான் அராவின கதையை மட்டும் எழுதாதேங்கோ."

ஒக்ரோபர் முதல் கிழமையில், தம்பிக்காக அக்காவை விண்ணப்பதாரராகப் போட்டு எழுதினேன். கையின் நிலைமைக்கு வைத்தியரின் சான்று, தொழிலுக்கு ஊர் அலுவலரான விதானையாரின் சான்று, கத்தியின் அளவுப்படம் எல்லாம் இணைத்தேன். படிவத்தில் ஏழாவது கட்டம் இப்படி இருந்தது: "இக்குறையை நிவர்த்திக்க விண்ணப்பதாரர் இதுவரை மேற்கொண்ட நடவடிக்கைகள்." கட்டம் எதையும் வெறுமையாக விட்டால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படும், அது முதல் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருந்தது. "எதுவுமில்லை" என்று எழுதினால் அது பொய். கீழே "மேற்கூறிய யாவும் உண்மையென அத்தாட்சிப்படுத்துகிறேன்" என்ற வரியில் கையொப்பமிடவேண்டியவன் நான். வெகுநேரம் யோசித்தேன். பிறகு, "வழங்கப்பட்ட பதினான்காம் இலக்கக் கத்தியின் பிடி அராவப்பட்டு, வில் தளர்த்தப்பட்டு, தற்காலிகமாகப் பயன்படுத்தப்படுகிறது" என்று எழுதினேன். தேவையை இதைவிட நன்றாக நிரூபிக்க முடியாது என்றுகூட எனக்குத் தோன்றியது.

விண்ணப்பம் நான்கு மேசை தாண்டித் தலைநகருக்குப் போகவேண்டும். சம்பந்தப்பட்ட காவலரணுக்குத் "தகவலுக்காக" ஒரு பிரதி அனுப்பவேண்டும் என்பதும் முறை. அனுப்பினேன்.

மூலப்பிரதி எங்கே போனது என்று மாதக்கணக்காக எவருக்கும் தெரியவில்லை. பிரதி நான்கு நாளில் போய்ச் சேர்ந்தது.

ஐந்தாம் நாள் கோப்ரலை மாற்றினார்கள். முப்பது கத்திகளையும் எண்ணி, சாக்கில் கட்டி, சேதப்படுத்தப்பட்ட உடைமை என்று எழுதி ஏற்றிக்கொண்டு போனார்கள். புதிதாக முப்பது வந்தன, எண்ணெய்கூட வற்றாத, இறுக்கமான வில்லோடு. கழுவுவதற்கு எவரிடமும் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு. அக்காவைக் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். அவர் நேரே என்னிடம் வருவார் என்று எதிர்பார்த்து இரண்டு நாள் மதியச் சாப்பாட்டுக்கும் எழும்பாமல் இருந்தேன். வரவில்லை. மூன்றாம் நாள் நான் சைக்கிளில் போனேன். வாடியில் இல்லை. கரையில், காவலரணுக்கு இந்தப் பக்கம், இவ்வளவுதான் வரலாம் என்று போட்டிருந்த கயிற்றைப் பிடித்தபடி நின்றார். தம்பி கடலில் இருந்தான்.

மேலிடத்துக்கு நினைவூட்டல் அனுப்பியிருக்கிறேன் என்றேன். ஓம் என்றார், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவனைப் போகாதே என்று மறிக்கவும் வழியில்லை. மூன்று நாள் தொடர்ந்து பாஸைப் பாவிக்காவிட்டால் அது ரத்தாகும். அதுவும் ஒரு பந்திதான். அவன் மாலைகளில் வாடியில் உட்கார்ந்து, ஓர் ஓலைமட்டையைப் பிடித்துக்கொண்டு, பெருவிரலால் தள்ளிப் பழகிக்கொண்டிருந்தான். "பழகினால் வரும் அக்கா, ஆனையே பழகுது" என்பான். அக்கா அந்தப் பக்கம் பார்க்கமாட்டார். எழும்பி நடப்பார், திரும்பி வருவார்.

டிசம்பர் இரண்டாம் கிழமை வலையிறக்கும்போது சுருக்கு அவனுடைய இடது காலில் விழுந்தது. கூடப்போனவர் இயந்திரத்தை நிறுத்தித் திரும்பியபோது வள்ளத்து விளிம்பில் ஒரு கையைக் கண்டார். அடுத்த கணம் அதுவும் இல்லை. மூன்றாம் நாள் அரிப்புக் கரையில் ஒதுங்கினான். இடுப்புக் கயிற்றில் இருபத்திரண்டாம் இலக்கக் கத்தி மூடியபடி இருந்தது. வலது பெருவிரல் நகம் பாதிவரை பிரிந்திருந்தது. விபத்து என்று தீர்ப்பானது. அடக்கம் முடிந்த மறுநாள், இருப்பில் ஒரு கத்தி குறைகிறது என்று காவலரணிலிருந்து ஆள் வந்தது. அக்கா கொண்டுபோய்க் கொடுத்துப் பதிவேட்டில் கையொப்பமிட்டார்.

அதற்குப் பிறகுதான் கந்தோருக்கு வந்தார். கதிரையை ஆட்டிப் பார்க்கவில்லை. நான் எழுதியதில் தன்னைப் பற்றி வருகிற இடத்தைத் தமிழில் வாசிக்கச் சொன்னார். கோப்பை எடுத்து ஏழாவது கட்டத்தை வாசித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இதில பிழை ஏதும் இருக்கோ?"

"இல்லை அக்கா."

"ஓம். பிழையில்ல" என்றார். போய்விட்டார்.

அவர் ஏசியிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. வெறுமையான கட்டம், பொய்யான அத்தாட்சி, முறை, எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன். அந்தப் பதிலை இன்றைக்கும் சில நாள்களில், வீட்டு முற்றத்தில் நடந்துகொண்டே, ஒருவருமில்லாத பக்கம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தைப்பொங்கல் கழிந்து, தவக்காலம் தொடங்குவதற்கு முன், ஒரு நாள் காலைத் தபாலில் அந்த உறை வந்தது. ஆங்கிலத்தில் ஆறு வரி. நான்காம் பந்தியின் கீழ் விண்ணப்பம் ஏற்கப்படுகிறது; இக்கடிதத்தைக் காட்டி உரியவர் தமது கத்தியை நேரில் பெற்றுக்கொள்ளலாம். ஏழாவது கட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கையொப்பத்தின் கீழே தட்டச்சில் திகதி இருந்தது: நவம்பர் இருபத்தொன்று. யாரோ ஒருவர் வாசித்து, சரியென்று கண்டு, கையொப்பமிட்டிருக்கிறார், தம்பி உயிரோடு வலையிறக்கிக்கொண்டிருந்தபோது. அதன் பிறகு கடிதம் ஏதோ ஒரு தட்டில், உறைக்கும் முத்திரைக்கும் இடையில் கிடந்திருக்கிறது. வலப்பக்க மூலையில், ஊதா மையில், எங்கள் கந்தோரின் வரவு முத்திரை, அன்றைய திகதியோடு.

கடிதத்தை விண்ணப்பதாரரிடம் கையளித்து ஒப்பம் பெறவேண்டும். அன்று பிற்பகலே கொண்டுபோனேன். அக்கா பந்தலில் மீன் பரப்பிக்கொண்டிருந்தார். நின்றபடியே வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு, காட்டிய இடத்தில் ஒப்பமிட்டார். கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது.

"என்ன திகதி போட்டிருக்கு, கிளாக்கர்?"

கடிதத்தின் திகதி என்றால் கையொப்பத்தின் கீழே இருப்பதுதான். எந்தக் கந்தோரிலும் அதில் இரண்டு கருத்து இல்லை. அவருடைய விரல் அந்தத் திகதிக்கும் முத்திரைக்கும் நடுவில், வெறும் தாளில் இருந்தது. நான் ஊதா முத்திரையைப் பார்த்தேன்.

"பெப்ரவரி பதினொண்டு" என்றேன்.